ஏழாம் நம்பர் ஷட்டர்

மேற்கு தாம்பரம்,
6.1.2025

தம்பி தனசேகருக்கு,

அக்கா புஷ்பலதா எழுதுவது. நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் மிருதுளாவும் எப்படி இருக்கிறீர்கள்? புனேயில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், ஸ்டைல் பார்க்காதே.

நீ அனுப்பிய பதினெட்டு அட்டையும் வந்தது. கடை வாசலில் மத்தியான வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்து, ஒவ்வொன்றின் பின்னாலும் நிறத்தின் பெயரை எழுதியிருக்கிறேன். மூன்றாம் நம்பர் அரக்கு. ஐந்தாம் நம்பர் பாட்டில் பச்சை. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒரே பக்கெட்டில் ஊற்றிவிடாதே, போன வருஷம் செய்தாயே அந்த மாதிரி. ஒன்பது வெங்காயக் கலர். பதினாலு என்ன கண்றாவி என்று எனக்கே தெரியவில்லை, தூக்கிக் கொட்டு.

எனக்குச் சிரிப்பாக வருகிறதுடா. தாம்பரம் சப்வேயிலிருந்து பெருங்களத்தூர் பாலத்துத் தூண் வரைக்கும் நீ வரைந்த படம்தான். பேப்பரில் உன்னை வண்ணங்களின் மாயக்காரர் என்று போடுகிறான். அந்த மாயக்காரர், பழைய சுவர்களில் மிச்சமான பெயிண்ட் பக்கெட்டில் அட்டையை முக்கி, நம்பர் போட்டு, அக்காவுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, இது சிவப்பா பச்சையா என்று கேட்கிறது யாருக்குத் தெரியும்? கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது. போட்டோ அனுப்பினால் நிறம் மாறிவிடுகிறது, போன் ஆப் எதைக் காட்டினாலும் பிரவுன் என்கிறது. கடைசியில் என் கண்தான் உனக்குக் கதி. ஏழாம் வகுப்பில் மாமரத்துக்குச் சிவப்பு இலை போட்டுவிட்டு, டிராயிங் மாஸ்டரிடம் பிரம்படி வாங்கிக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு உன் கிரேயான் ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டினவள் நான். சாகிற வரைக்கும் ஒட்டுவேன், கவலைப்படாதே.

இப்போது என் விஷயம். நம் வேலாயுதம் தெரு செத்துக்கொண்டிருக்கிறது. ரயில்வே கேட்டை மூடி மேம்பாலம் கட்டினதிலிருந்து பஸ்ஸெல்லாம் தலைக்கு மேலே போகிறது. கீழே ஒரு கடைத்தெரு இருப்பதே ஜனங்களுக்கு மறந்துவிட்டது. வரிசையாகப் பதினாலு கடை, அதில் ஒன்பது மூடியாச்சு. மிச்சத்தில் என் மேட்சிங் சென்டருக்குத்தான் கொஞ்சம் ஆள் வருகிறது. ஆன்லைனில் வாங்கின லைனிங் ஒட்டவில்லை என்று சேலையூரிலிருந்தெல்லாம் புடவையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர் போன பிறகு என்னை மனுஷியாக வைத்திருப்பது இந்தக் கடைதான். இது இல்லை என்றால் மாடியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தே பைத்தியமாகிவிடுவேன், சும்மா சொல்லவில்லை.

ஊரெல்லாம் வரைகிறாயே, நம் தெருவிலும் ஒன்று போடேன். பார்க்க வருகிற ஜனம் ஒரு பிளவுஸ் பிட்டாவது வாங்காதா?

மிருதுளாவைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு அங்கே கரும்பு கிடைக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
அக்கா புஷ்பலதா


புனே,
21.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தனசேகர் வணக்கம். கரும்பு கிடைத்தது, ஆனால் நம் ஊர் கறுப்புக் கரும்பு இல்லை. முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொரியரில் அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதினதைப் படித்த அன்றைக்கே, எனக்குச் சுவர் கொடுக்கிற திட்ட ஆபீஸில் பேசிவிட்டேன். புறநகரை அழகுபடுத்தும் லிஸ்டில் வேலாயுதம் தெருவையும் சேர்த்துவிட்டார்கள். பெரிய படம், அக்கா. பதினாலு ஷட்டரும் சேர்ந்து ஒரே படம். இந்தியாவிலேயே இவ்வளவு நீளத்துக்கு யாரும் போட்டதில்லை. பிப்ரவரியில் நான் வந்து சேலையூர் கேம்ப் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்கப் போகிறேன்.

ஒரு உதவி. மிருதுளாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்காக நான் அங்கே, அவள் இங்கே தனியாக. நீ வந்து ஒரு மாசம் இருந்தால் எனக்கு நிம்மதி. கடையை நினைத்துக் கவலைப்படாதே. நான் அங்கேதானே இருக்கப் போகிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

டிக்கெட் போட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
தனசேகர்


புனே,
18.2.2025

தம்பி தனசேகருக்கு,

அக்கா எழுதுவது. மிருதுளா நன்றாக இருக்கிறாள். தையல் பிரித்தாச்சு, ரசம் சாதம் சாப்பிடுகிறாள், என்னையே அதிகாரம் பண்ணுகிறாள், அப்படியென்றால் குணமாகிவிட்டாள். நீ சேலையூரில் எங்கே சாப்பிடுகிறாய்? ஓட்டலில் தினமும் பரோட்டா தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய அட்டைகளைப் பார்த்துவிட்டேன். அவள் என்ன அண்ணி இது என்று கேட்டாள். கடைக்கு லைனிங் சாம்பிள் என்று சொல்லிவைத்தேன். உன் ரகசியம் பத்திரம்.

இரண்டாம் நம்பர் குங்குமச் சிவப்பு, பொட்டு வைக்கலாம். எட்டு இலைப்பச்சை. ஆறாம் நம்பர் அட்டையைத் திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். இது அம்மாவின் நிறம்டா! கோவளத்திலிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறி வந்து, வெயிலில் நம் தெரு முனையில் நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து, கழுத்துக்கு மேலே ஒரு செம்பு ஏறியிருக்குமே, அதே நிறம். உனக்கு நிறமே தெரியாதே, எப்படிக் கலந்தாய்? அம்மாவையா வரையப் போகிறாய்? ஐயோ, எனக்கு இப்போதே ஊருக்கு ஓடி வர வேண்டும் போல இருக்கிறது.

முகம் எங்கே வருகிறது? தெரு முனைச் சுவரிலா? எந்தக் கடைப் பக்கம்? உடனே எழுது. பின்னால் எல்லாப் பெயரையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். கவனமாகப் போடு, அம்மா முகம்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


சேலையூர்,
6.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அட்டைகள் கிடைத்தன. ஆமாம், அம்மாதான். ஒருக்களித்துப் படுத்து, தலையைக் கையில் நிமிர்த்தித் தாங்கிக்கொண்டு தெருவையே பார்க்கிற மாதிரி. காலில் ஆரம்பித்து, தலைக்கு அந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கிற மீன் கூடை வரைக்கும் பதினாலு ஷட்டர். பார்க்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள்.

மிருதுளா இன்னும் கொஞ்சம் பலவீனமாக இருப்பதாகச் சொன்னாள். மாசக் கடைசி வரைக்கும் இருந்துவிட்டு வா. அவசரம் ஒன்றுமில்லை. இங்கே நல்ல வெயில்.

தனசேகர்


மேற்கு தாம்பரம்,
3.4.2025

தம்பி தனசேகருக்கு,

புஷ்பலதா எழுதுவது. நான் நன்றாக இல்லை. நீ நன்றாக இருப்பாய், தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினேன். தெருவில் திருவிழாக் கூட்டம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், ஏழாம் நம்பர் ஷட்டரில் அம்மா முகம். ஏழாம் நம்பர் யாருடையது, தனசேகர்? என்னுடையது. நான் கேட்டேனே, முகம் எங்கே வருகிறது என்று. மாங்கு மாங்கென்று எழுதிக் கேட்டேனே. வெயில் நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினாய்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்கப் போனேன். ஷட்டரைத் தூக்கினால் முதலில் நெற்றி உள்ளே போகிறது. அப்புறம் பொட்டு, கண், மூக்கு. கடைசியாக வாய். பெற்ற தாயின் முகத்தை என் கையாலேயே சுருட்டி மேலே தள்ளினேன். பாதியில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் தள்ளினேன், ஏனென்றால் ஒரு பெண் கையில் மயில் கழுத்துப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் ஆகவில்லை. வாட்ச் கடை எத்திராஜ் வந்துவிட்டார். "இன்னா புஷ்பா, ஷட்டர தூக்கிட்ட? படம் முண்டமா கீது பாரு" என்கிறார். அவர் கடையை மூடிவிட்டு வாசலில் ஜூஸ் வண்டி போட்டிருக்கிறார். படம் பார்க்க வருகிறவர்கள் ஜூஸ் குடிக்கிறார்கள், லைனிங் துணியா வாங்குவார்கள்? திறந்திருந்த ஐந்து கடையில் நாலு பேர் இப்படியே வாசலில் சுண்டல், சோளம், பஜ்ஜி என்று மாறிவிட்டார்கள். தெருவிலேயே திறந்திருக்கிற ஷட்டர் என்னுடையது மட்டும்தான்.

காட்டாங்குளத்தூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண், "ஆன்ட்டி, ரெண்டே நிமிஷம் இறக்குங்க ப்ளீஸ், முகம் இல்லாம போட்டோ வேஸ்ட்" என்றாள். இறக்கினேன். தூக்கினேன். மறுபடி வேறு கூட்டம். அன்றைக்கு மட்டும் இருபத்திரண்டு தடவை. முழங்கால் வீங்கி, படி ஏற முடியவில்லை.

தெரியாமல் செய்தாயா, தெரிந்தே செய்தாயா? ஒரு வரி எழுது.

மிருதுளா மாத்திரையைத் தவறாமல் போடட்டும்.

புஷ்பலதா


புனே,
22.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் என்று படித்ததும் வருத்தமாகிவிட்டது. ஐஸ் வை.

அக்கா, கோபப்படாமல் படி. படம் நடுவில் முகம் வர வேண்டும், அது கம்போசிஷன். நடுக்கடை உன்னுடையதாகப் போய்விட்டது, நான் என்ன செய்ய? முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா? பார்த்தால் உனக்கே பிடித்துவிடும் என்று நினைத்தேன். ஊரே அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. அவளைச் சுருட்டி உள்ளே தள்ள உனக்கு எப்படி மனசு வருகிறது?

ஒரு யோசனை. காலையில் ஒன்பது மணி வரைக்கும் திறந்து வை. மறுபடி சாயங்காலம் ஏழுக்கு மேலே. நடுவில் நீயும் ரெஸ்ட் எடுக்கலாம். வயசு அறுபதைத் தொடப் போகிறது, எத்தனை நாளைக்கு ஃபால்ஸ், லைனிங் என்று?

மிருதுளா உன்னை ரொம்பவும் கேட்டாள்.

தனசேகர்


மேற்கு தாம்பரம்,
12.5.2025

தம்பி தனசேகருக்கு,

அக்கா எழுதுவது. வெயில் கொளுத்துகிறது. உங்கள் இருவர் உடம்பும் நலமாக இருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு மேலே ட்யூப் லைட்டில் அரக்கு எது, காப்பிப்பொடி எது என்று பார்க்க முடியுமாடா? நீயா இதைச் சொல்கிறாய்? மத்தியான வெளிச்சம் இல்லாவிட்டால் நான் பார்க்க மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா? உன் அட்டையைக்கூட நான் வாசல் வெயிலில்தானே வைத்துப் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டீச்சரம்மா, பேர் ஜோசலின், மகள் கல்யாணத்துக்குப் பதினொரு புடவைக்கு மேட்சிங் கேட்டு வந்திருந்தார். நாங்கள் உள்ளே துணியை விரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று இருட்டு. கூட்டத்தில் யாரோ ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டார்கள், எங்களை உள்ளே வைத்து! நான் கையால் தட்டுகிறேன், கத்துகிறேன். வெளியே கைதட்டிச் சிரிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். எத்திராஜ் குரல் கேட்கிறது, "ஒன்னும் ஆகாது, எடுத்துக்கினு போங்கப்பா." கால் மணி நேரம். உள்ளே காற்றில்லை. டீச்சரம்மா வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். திறந்ததும் பதினொரு புடவையையும் வாரிக்கொண்டு போனவர்தான். இனிமேல் அவர் வருவாரா?

கேட்காதவள் கேட்கிறேன். ஒரு டப்பா சாம்பல் பெயிண்ட் போதும். என் ஷட்டரை மட்டும் பழையபடி அடித்துக் கொடுத்துவிடு. அம்மா முகத்தைத் தெரு முனைச் சுவரில் வரை. அவள் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்த இடமே அதுதானே? அங்கே யாரும் அவளைச் சுருட்ட வேண்டாம். வேண்டுமானால் அந்த முகத்துக்கும் நானே நிறம் பார்த்துத் தருகிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் திட்ட ஆபீஸில் கேட்பார்கள். என் கடையைக் காப்பாற்று, தம்பி. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

பதில் போடு. தினமும் போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அக்கா புஷ்பலதா


சேலையூர்,
16.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுத இரண்டு மாசம் ஆகிவிட்டது, வேலை அப்படி. நம் தெருப் படத்துக்கு விருது கிடைத்தது, பேப்பரில் பார்த்திருப்பாய். இப்போது பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு அடுக்குமாடிச் சுவரைக் கொடுத்திருக்கிறார்கள். அறுபது அடி உயரம். மறுபடி அம்மாதான், இந்தத் தடவை முழு உருவம். அதற்காக மூன்று வாரமாகக் கேம்ப் ரோட்டில் பழைய ரூமில்தான் இருக்கிறேன். வந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

ஷட்டர் விஷயம் முடியாது, அக்கா. கடையை உனக்கு எடுத்துக் கொடுத்த அம்மா பெயரில்தானே வாடகைப் பத்திரம் இன்னும் இருக்கிறது? வாரிசு என்கிற முறையில் நான் திட்ட ஆபீஸுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்குப் படத்தை அழிக்கக்கூடாது, பகலில் ஷட்டரைத் தூக்கக்கூடாது என்று. நீ புனேயில் இருந்தபோதே போட்டது. உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். இனிமேல் தூக்கினால் அவர்களே வந்து பூட்டிவிடுவார்கள், அசிங்கம் வேண்டாம். ஸ்டாக்கை யாருக்காவது தள்ளிவிட்டு நிம்மதியாக இரு. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இத்துடன் இருபது அட்டை வைத்திருக்கிறேன். ஏரிக்கரை வேலை அவசரம், பையன்கள் சாரம் கட்டிக் காத்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் பெயர் எழுதி அனுப்பு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

முழங்கால் எப்படி இருக்கிறது?

தனசேகர்


மேற்கு தாம்பரம்,
23.7.2025

தம்பி தனசேகருக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் பரவாயில்லை, படி ஏறி இறங்கும் வேலை குறைந்துவிட்டது.

விருது கிடைத்ததில் சந்தோஷம். நீ சொன்னபடியே ஸ்டாக்கை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சந்திரிகா என்று ஒரு டெய்லரம்மா மூன்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ரூபியா பிளவுஸ் பிட்டெல்லாம் நான் நிறவாரியாக அடுக்கி வைத்திருந்தேன், வெளிர் நிறத்தில் ஆரம்பித்துக் கறுப்பு வரைக்கும். அவள் ஒரே சாக்கில் போட்டுத் திணித்தாள். நான் சாக்கின் வாயைக் கட்டிக் கொடுத்தேன். ஷட்டரை நானே இறக்கிப் பூட்டினேன். அம்மா நன்றாக இருக்கிறாள், உன் எத்திராஜ் மாலை போடுகிறார்.

இருபது அட்டையும் மத்தியான வெயிலில் மாடியில் வைத்துப் பார்த்து எழுதிவிட்டேன். நிறையத் தடவை பார்த்தேன். நாலாம் நம்பர் குங்குமச் சிவப்பு, அம்மா பொட்டுக்கும் உதட்டுக்கும் இதையே வை. பன்னிரண்டு பச்சை, வெற்றிலைக்கும் ஏரித் தண்ணீருக்கும் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் அட்டையின் பின்னால் இருக்கிறது. யாரையும் கேட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பையன்கள் ஏதாவது சொன்னால் ஒரு அதட்டுப் போடு, நீதானே சார்.

மழைக்கு முன்னால் முடித்துவிடு.

அக்கா புஷ்பலதா


புனே,
5.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

மிருதுளா நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது? நான் இப்போது நன்றாக நடக்கிறேன், நீங்கள் ஊட்டின ரசம்தான். நாலு நாளாகப் போன் பண்ணுகிறேன், எடுக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏரிக்கரைப் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன், பாருங்கள். அண்ணி, அத்தையின் பொட்டு பச்சையாக இருக்கிறது. உதடு பச்சை, வாயெல்லாம் பாசி பிடித்த மாதிரி. கையில் இருக்கிற வெற்றிலை சிவப்பு. ஏரி முழுக்க ரத்தம் மாதிரி. மாடர்ன் ஆர்ட்டோ என்று நினைத்து, "பச்சைப் பொட்டு வித்தியாசமா இருக்குங்க" என்றேன். "என்ன உளர்ற, செக்கச்செவேல்னு இருக்கு" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அண்ணி, அவருக்கு நிறம் தெரியாதா? பதினாறு வருஷமாக என் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. உங்களுக்கு வந்த அந்த லைனிங் சாம்பிளும் ஞாபகம் வருகிறது.

அடுத்த ஞாயிறு, பதினாலாம் தேதி திறப்பு விழா. டிவியெல்லாம் வருகிறதாம். இன்னும் நாள் இருக்கிறது, சாரத்தைப் பிரிக்கவில்லை, மாற்றிவிடலாம். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்புள்ள,
மிருதுளா


சேலையூர்,
9.9.2025

அக்கா,

நலமா? எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்த்ததும் சும்மா இருக்கிறார்கள். பையன்களில் குமரேசன் என்று ஒருத்தன், "சார் தப்பா நெனச்சிக்காதீங்கோ, அம்மாவுக்கு ஏன் இந்தக் கலரு?" என்றான். வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். மிருதுளாவும் ஏதோ சொல்கிறாள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது, அக்கா. யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்ட அடுத்த நிமிஷம் நான் காலி.

நேற்று நம் வீட்டு மாடிப்படி வரைக்கும் வந்தேன். ஏறுவதற்கு முகமில்லை, திரும்பிவிட்டேன். ஷட்டர் விஷயத்தில் நான் செய்தது தப்புதான். விழா முடியட்டும், ஆபீஸில் பேசி ஏதாவது செய்கிறேன், சத்தியமாக.

ஒரு எட்டுப் போய்ப் பார். பொட்டு என்ன நிறம்? அதை மட்டும் எழுது. சாரத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிக்கிறார்கள், அதற்குள் பதில் வேண்டும். நீ எது சொன்னாலும் நம்புவேன். உன்னைத்தான் நம்புகிறேன்.

தனசேகர்


மேற்கு தாம்பரம்,
11.9.2025

தம்பி தனசேகருக்கு,

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய், வெந்நீரில் சீரகம் போட்டுக் குடி. காலாகாலத்தில் சாப்பிடு.

நேற்று மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடித்துப் பீர்க்கன்கரணைக்குப் போய்ப் பார்த்தேன். நீ சாப்பிடப் போயிருந்தாய் போல. நல்ல வெயில், நிறம் பார்க்கத் தோதான வெளிச்சம். கிட்டத்தில் நின்றும் பார்த்தேன், ஏரியைச் சுற்றி அந்தக் கரைக்குப் போயும் பார்த்தேன். அம்மாவை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிஜமாகவே அழுதேன்டா. பாவம், அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதவள்.

கேட்டாயே, சொல்கிறேன். பொட்டு சிவப்பு. சுத்தமான குங்குமச் சிவப்பு. உதடும் சிவப்பு, வெற்றிலை போட்டால் அவளுக்கு இருக்குமே, அப்படியே. கையில் வெற்றிலை பச்சை. ஏரித் தண்ணீர் பச்சை. எதையும் தொடாதே. சாரத்தைத் தைரியமாகப் பிரிக்கச் சொல்.

மிருதுளாவும் எழுதியிருந்தாள். போட்டோவில் நிறம் மாறித்தான் தெரியும் என்று பதில் போட்டுவிட்டேன். அந்தக் குமரேசனை நிறுத்தினது சரிதான், அதிகப்பிரசங்கி.

விழாவில் மைக்கைக் கொடுத்தால் கூச்சப்படாதே. அம்மா நெற்றியைக் கையால் காட்டி, அந்தச் சிவப்பைப் பற்றி நாலு வார்த்தை சத்தமாகப் பேசு. டிவிக்காரர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதையே சொல். முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. திறக்கிறதுக்குக் கடை ஒன்றும் இல்லையே, விழா ஆரம்பிக்கும் முன்னாலேயே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் அக்கா புஷ்பலதா